ரோஜாப் பாத்தியில் ஊதாக் குருணை

லூசியம்மாள் வாழ்க்கையில் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதும் இல்லை. ஆனாலும் அவளிடம் வம்பு வைத்துக்கொண்டவர்கள் யாரும் நிம்மதியாக இருந்ததாக நெய்வேலியில் சரித்திரம் கிடையாது.

அவள் பரிமாறுகிற சுரங்கக் கேண்டீனில் சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாலு பேர் முன்னால், "புருஷன் செத்து வந்த வேலைதானே, அதுல என்ன இவ்ளோ திமிரு?" என்று கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து லூசியம்மாள் அவர் தட்டுக்கு மட்டும் சாம்பாரை அண்டாவின் மேல்மட்டத்திலிருந்தே மொண்டு ஊற்றினாள். பதினொரு வருஷம், ஓய்வு பெறுகிறவரைக்கும், அந்த மனிதர் முருங்கைக்காயின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி நாளில் சிரித்துக்கொண்டே காரணம் கேட்டார். "காயெல்லாம் அடியில தங்கிடுதுங்க சார்" என்று கைகூப்பிச் சொன்னாள்.

வடலூரில் ஒரு ஜவுளிக்கடை. சாயம் போகிற புடவையைக் கொடுத்துவிட்டு, துவைக்கத் தெரியவில்லை என்று அவளையே குறை சொன்னார்கள். பத்தொன்பது வருஷமாக அவள் பக்கத்துக் கடையில்தான் துணி எடுக்கிறாள். எடுத்த பிறகு பழைய கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்று, பக்கத்துக் கடைப் பெயர் போட்ட பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். இதைச் சின்ன புத்தி என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பட்டவர்களுக்குத்தான் தெரியும், மறப்பது எவ்வளவு பெரிய வேலை என்று.

அவள் பட்டவள்தான். அவளுக்கு முப்பத்தோரு வயதானபோது, மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்த கணவர் ஆனந்த்ராஜ், நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. கையில் நாலு வயது மகன் ஜெபின். வாரிசு வேலையாகக் கேண்டீன் கிடைத்தது. டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கின் கடைசித் தெருவில் ஒரு க்வார்ட்டர்ஸும் கிடைத்தது. இப்போது ஐம்பத்து நாலு வயது. ஜெபின் ஓசூரில் குடும்பத்தோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை, மற்ற நாளெல்லாம் ஷிப்ட் என்று போய்க்கொண்டிருந்தவளுக்கு வீட்டில் துணை என்று இருந்தது ஒரு நாய்.

அதன் பெயர் ஓ.டி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்த ஒரு நாளில் கேண்டீன் பின்புறக் குப்பைத்தொட்டியில் கிடந்த குட்டி. செம்மண் நிறம், ஒரு காது மடங்கியது. அவளது மூன்று ஷிப்டும் அதற்கு மனப்பாடம். ஷிப்ட் பஸ் முனை திரும்பும்போதே கேட்டில் முன்னங்காலை வைத்து நிற்கும். பஸ்ஸில் வருகிற மற்ற பெண்கள், "உன் வூட்டுக்காரர் நிக்கிறாரு பாரு" என்று கேலி செய்வார்கள். லூசியம்மாளுக்கு அந்தக் கேலி பிடிக்கும். யாராவது ஒருத்தர் தனக்காக வாசலில் நிற்பது அவளுக்கு ரொம்ப நாள் கழித்துக் கிடைத்த விஷயம்.

பக்கத்துக் க்வார்ட்டர்ஸ் பன்னீர்செல்வத்துடையது. ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். அவருக்கு ரோஜா பைத்தியம். முப்பத்திரண்டு செடி, ஒவ்வொன்றுக்கும் மரப்பலகையில் பெயர். குடியரசு தினத்தையொட்டி அந்தப் பிளாக்கின் குடியிருப்போர் சங்கம் நடத்துகிற தோட்டப் போட்டியில் மூன்று தடவை முதல் பரிசு வாங்கியவர். கோப்பைகள் மூன்றும் டி.வி.க்கு மேலே இருக்கின்றன, டி.வி. பார்க்க வருகிறவர்கள் முதலில் அவற்றைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மருதாணி வேலிதான். பதினான்கு வருஷமாக அதன் மேலாகக் கிறிஸ்துமஸ் பலகாரம் அந்தப் பக்கமும், பொங்கல் கரும்பு இந்தப் பக்கமும் போய்வந்தன. பன்னீர்செல்வம் அவளுக்கு அண்ணன், அவர் மனைவி ஜானகி அண்ணி. அவர்கள் மகள் கிருஷ்ணப்ரியா பத்தாம் வகுப்புப் பாடமெல்லாம் லூசியம்மாளின் அடுப்படியில் உட்கார்ந்துதான் படித்தாள். ரோஜாவுக்குக் கருவாட்டுத் தூள் போட்டால் பூ பெரிதாக வரும் என்று சொல்லிக் கொடுத்ததும் லூசியம்மாள்தான். அவள் தங்கை கடலூர் முதுநகரில் கருவாடு விற்கிறாள். சாக்கின் அடியில் தங்குகிற தூளை லூசியம்மாள் மாதாமாதம் வாங்கி வந்து பன்னீர்செல்வத்துக்குக் கொடுப்பாள்.

போன நவம்பரில் ஒரு ஞாயிறு. பூசைக்குப் போய்விட்டு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஓ.டி. வேலிச் சந்து வழியாக நுழைந்து வந்தது. பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டன. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. உடம்பு முழுக்க நடுக்கம்.

விஷம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. விஷம் தின்றவர்களுக்கு ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். உப்பைக் கரைத்து வாயைப் பிளந்து ஊற்றினாள். அது பாதியைத் துப்பியது. புளியைக் கரைத்து ஊற்றினாள். வாந்தி வந்தது, வந்த பிறகு நடுக்கம் இன்னும் அதிகமானது. அரை மணி நேரம் இப்படிப் போனது. அதற்குப் பிறகுதான் தெருமுனை ஆட்டோக்காரர் தனகோட்டியைக் கூப்பிட்டு, வடலூர் ரோட்டில் இருக்கிற கால்நடை டாக்டர் செல்வகுமாரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் நாயின் கண்ணை விரித்துப் பார்த்தார். கண்பாவை கடுகளவாகச் சுருங்கியிருந்தது. ஊசி போட்டார். மேலும் ஒன்று போட்டார். ஓ.டி. அவள் முந்தானையில் முகத்தை வைத்தபடியே கடைசி மூச்சை விட்டது.

"என்ன குடுத்தீங்க வூட்ல?" என்று டாக்டர் கேட்டார்.

"உப்புத்தண்ணி சார். அப்புறம் புளித்தண்ணி."

"எதையும் ஊத்தக்கூடாதும்மா. இந்த நடுக்கத்துல ஊத்துனா நுரையீரலுக்குள்ள போயிடும். நேரமும் போயிடும். வாயைத் துடைச்சுட்டு, தலையைச் சாய்ச்சு எச்சில் வெளிய வர்ற மாதிரி புடிச்சிகினு நேரா இங்க வந்திருக்கணும். தின்ன மருந்தோட பாக்கெட் கெடச்சு அதையும் கையில எடுத்தாந்திருந்தீங்கன்னா, என்ன விஷம்னு பார்த்ததும் மாத்து மருந்து போட்டிருப்பேன்."

அவர் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் லூசியம்மாளின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. டாக்டர் அவள் புடவையில் ஒட்டியிருந்த வாந்தியைக் குச்சியால் கிளறினார். மீன் செதில்கள். அவற்றுக்கு நடுவே ஊதா நிறத்தில் சின்னச் சின்னக் குருணை.

"இது செடி வேர்ல புழுவுக்குப் போடற மருந்து. தனியா மண்ணுல போட்டா நாய் மோந்துகூடப் பார்க்காது. யாரோ இதைக் கருவாட்டோட கலந்து புதைச்சிருக்காங்க. நாய்க்கு விருந்து வெச்ச மாதிரி."

யாரோ இல்லை. லூசியம்மாளுக்கு யார் என்று தெரியும். கருவாடு யார் கொடுத்தது என்பதும் தெரியும். தன் கையாலேயே சுமந்து வந்து கொடுத்ததைத் தன் பிள்ளை தின்று செத்துவிட்டது என்ற நினைப்பு வந்ததும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலைத் தனக்குள் வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. முழுவதையும் தூக்கிப் பன்னீர்செல்வத்தின் மேல் வைத்தாள்.

தன் தோட்டத்துப் பலாமரத்தடியில் நாயைப் புதைத்துவிட்டு, கையில் மண்ணோடு வேலியோரம் போய் நின்றாள். பன்னீர்செல்வம் பைப்பைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கருவாட்டுல மருந்து கலந்தீங்களா?"

"ஆமாம்மா. வேர்ப்புழு வந்துகினு இருந்துது. எருவும் மருந்தும் ஒண்ணா போட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும்ல?"

"ஓ.டி. செத்துப்போச்சு."

அவர் பைப்பைக் கீழே விட்டார். ஒரு நிமிஷம் முகம் வாடியது உண்மைதான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தப்பு செய்தவன் வாய் சும்மா இருக்காதே.

"நான் என் வேலிக்குள்ளதானே போட்டேன் லூசி? நீ கட்டிப் போட்டு வளத்திருக்கணும். சரி வுடு, தெரு நாய்தானே. பஸ் ஸ்டாண்டாண்ட போனா பத்து கெடக்குது. நானே ஒண்ணு புடிச்சாந்து தரேன்."

லூசியம்மாள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். சூப்பர்வைசரைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் பன்னீர்செல்வத்தை அன்றைக்கே ஊரைவிட்டு ஓடச் சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு சர்ச்சில் செபம் சொல்லும்போது, பிறர் குற்றத்தை நாங்கள் பொறுப்பதுபோல என்கிற வரி வந்தால் அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வரியிலிருந்து மறுபடி சேர்ந்துகொண்டாள். கடவுளிடம் பொய் சொல்லக்கூடாது என்பது அவள் நியாயம்.

பன்னீர்செல்வத்துக்கு எது வலிக்கும் என்று யோசிக்கவே தேவையில்லை. டிசம்பர் மாதப் பூசத்தன்று ஜானகி வடலூர் சபைக்கு அன்னதானத்துக்குப் பரிமாறப் போயிருந்தாள். பன்னீர்செல்வம் ஷிப்டில். பட்டப்பகல் மூன்று மணிக்கு லூசியம்மாள் கல்லுப்பை வாளியில் கரைத்து, வேலிச் சந்து வழியாக உள்ளே போய், முதல் வரிசைச் செடிகளின் வேரில் ஊற்றினாள். மூன்று வாளி. பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே ஊற்றினாள்.

பத்து நாளில் இலை ஓரங்கள் கருகின. மொட்டுகள் விரியாமலே தலை தொங்கின. பன்னீர்செல்வம் காலையும் மாலையும் செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளுக்கு அடுப்படி ஜன்னலிலிருந்து அந்தக் காட்சி நன்றாகத் தெரிந்தது. டீயை அங்கேயே நின்று குடித்தாள். இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்கு மேலேயே இனித்தது.

"வேர்ல புழு மறுபடி ஏறிடுச்சு" என்று அவர் போனில் யாரிடமோ சொல்வது கேட்டது. "இந்தத் தடவ டபுள் டோஸா போட்டுட வேண்டியதுதான். போட்டிக்குள்ள தேறணும்."

போடு, எத்தனை டோஸ் வேண்டுமானாலும் போடு, உப்புக்கு ஏது மருந்து என்று நினைத்து லூசியம்மாள் சிரித்துக்கொண்டாள். அந்த மருந்தை வேறு யார் தின்னக்கூடும் என்று அப்போது அவள் நினைக்கவில்லை. தின்பதற்கு அந்தத் தெருவில்தான் யாரும் மிச்சமில்லையே.

பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து கிருஷ்ணப்ரியா வந்தாள். கூடவே மூன்று மாதக் குட்டி ஒன்று. வெள்ளை நிறம், உருண்டையான உடம்பு, பெயர் பட்டாணி. வந்த அன்று மாலையே குட்டியைத் தூக்கிக்கொண்டு லூசியம்மாள் வீட்டுக்கு வந்து, பலாமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அப்பா பேசுனது ரொம்பத் தப்பு அத்தை. போன்லயே சண்ட போட்டேன். ஓ.டி. என் மடியில படுத்துக்கினு இருக்கும், நான் கெமிஸ்ட்ரி படிப்பேன். அதைப் போயி..."

பன்னீர்செல்வம் வீட்டில் ஓ.டி.க்காக அழுதது அவள் ஒருத்திதான். லூசியம்மாள் அவளுக்கு முறுக்கு எடுத்து வைத்தாள். குட்டி லூசியம்மாளின் கால் விரலைக் கடித்து விளையாடியது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்; இன்னொரு நாய் மேல் ஆசை வைக்க அவளுக்கு விருப்பமில்லை.

"இப்ப மருந்தெல்லாம் போடறதில்லன்னு அப்பா சொல்றாரு. எனக்கு நம்பிக்கை இல்ல. அவரு ஏதாவது போடறதப் பார்த்தீங்கன்னா எனக்கு ஒரு குரல் குடுங்க அத்தை. நான் இவனைக் கட்டி வெச்சுக்கிறேன்."

"சொல்றேன் கண்ணு."

காணும் பொங்கலன்று காலை ஆறரை மணி. லூசியம்மாளுக்கு செகண்ட் ஷிப்ட். மதியம் போனால் போதும். அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பன்னீர்செல்வம் பழைய பெயிண்ட் வாளியில் எதையோ கலந்துகொண்டிருந்தார். குறிஞ்சிப்பாடிச் சந்தையில் வாங்கிய கருவாட்டுத் தூள். அவள் கொடுப்பதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. சிவப்பு மூடி போட்ட டப்பாவிலிருந்து ஊதாக் குருணையைக் கொட்டினார். டப்பாவைத் தோட்டத்து ஓரத்துத் திறந்த ஷெட்டில் உரச்சாக்குக்குப் பின்னால் மறைத்து வைத்தார். மகள் எழுந்திருப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். குழி பறிக்கிற வேலைகூட இல்லை; மேல்மண்ணைக் கீறி, பிடிப்பிடியாகப் போட்டு மூடிக்கொண்டே போனார்.

லூசியம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு குரல் போதும். ப்ரியா என்று கூப்பிட்டால் அந்தப் பெண் எழுந்து வந்துவிடுவாள்.

அவள் கூப்பிடவில்லை.

பன்னீர்செல்வம் அழட்டும் என்று நினைத்தாள். அவனும் ஒரு நாள் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடட்டும். தெரு நாய் இல்லையே, விலை கொடுத்து வாங்கிய நாய். பஸ் ஸ்டாண்டில் போய்ப் பிடித்து வர முடியுமா பார்க்கட்டும். குட்டி என்ன செய்தது என்று மனசு ஒரு தரம் கேட்டது. என்னுடையதும் குட்டியாகத்தான் வந்தது என்று பதில் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

எட்டு மணிக்கு ஜானகி பின்கதவைத் திறந்து குட்டியை வெளியே விட்டாள். லூசியம்மாள் துணி உலர்த்துகிற சாக்கில் வேலியோரம் வந்து நின்றாள். பட்டாணி இரண்டு சுற்று ஓடியது. நின்று மூக்கைத் தூக்கியது. நேராக ரோஜாப் பாத்திக்குப் போய் முன்னங்காலால் கிளறியது. கருவாட்டு வாசனை வேலிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். சூ என்று ஒரு சத்தம் கொடுத்தால் ஓடிவிடும். அந்தச் சத்தம் தொண்டை வரைக்கும் வந்தது. வராமல் இல்லை, அவள்தான் விடவில்லை. குட்டி வாயில் மண்ணோடு மென்றது. மென்றுகொண்டே அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. லூசியம்மாள் குனிந்து அடுத்த துணியை எடுத்து உதறி, கிளிப் போட்டாள்.

நாலாவது துணி உலர்த்தும்போது காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. வேலிச் சந்து வழியாகக் குட்டி வந்திருந்தது. எச்சில் அவள் பாதத்தில் ஒழுகியது. பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டன. அவ்வளவு பெரிய தோட்டத்தில், பெற்றவள் மாதிரி வளர்க்கிற ப்ரியா பத்தடி தூரத்தில் வீட்டுக்குள் இருக்க, அது லூசியம்மாளிடம்தான் வந்து விழுந்தது.

லூசியம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"ப்ரியா! வண்டிய எடுடி! வெஷம் தின்னுடுச்சு!"

குட்டியை ஈரத் துண்டில் அள்ளினாள். வாய்க்குள் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் வழித்துத் துடைத்தாள். ஜானகி பதறிக்கொண்டு டம்ளரில் உப்புத்தண்ணீர் கொண்டு வந்தாள். லூசியம்மாள் அதைத் தட்டிவிட்டாள். டம்ளர் உருண்டு சாக்கடைக்குப் போனது.

"ஒண்ணும் ஊத்தாதீங்க அண்ணி! அண்ணே, அந்த டப்பாவ எடுங்க. ஷெட்ல உரச்சாக்குக்குப் பின்னாடி, செவப்பு மூடி. ஓடுங்க!"

பன்னீர்செல்வம் ஓடினார். கிருஷ்ணப்ரியா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். லூசியம்மாள் பின்னால் உட்கார்ந்து குட்டியின் தலையைச் சாய்த்து, எச்சில் வெளியே வழியும்படி பிடித்துக்கொண்டாள். டப்பா அவள் இடுப்பில். வழி முழுக்க அவள் வாய் ஓயவில்லை. "செத்துடாத. செத்துடாதடா. உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன்." முன்னால் வண்டி ஓட்டிய பெண்ணுக்கு அது கேட்டது, அவள் அழுகை இன்னும் அதிகமானது.

டாக்டர் செல்வகுமார் டப்பாவைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் எச்சில் குறைந்தது. சுருங்கிக் கிடந்த கண்பாவை மெல்ல விரிந்தது. மேலும் இரண்டு ஊசி, ஒரு பாட்டில் டிரிப்.

"பொழச்சுக்கும். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார். "ரொம்ப சரியா செஞ்சிருக்கீங்கம்மா."

கிருஷ்ணப்ரியா லூசியம்மாளைக் கட்டிக்கொண்டாள். லூசியம்மாள் கட்டை மாதிரி நின்றாள்.

பின்னாலேயே வந்து சேர்ந்த பன்னீர்செல்வம் ஆஸ்பத்திரி வாசலில் அவள் காலில் விழப் போனார். "மன்னிச்சிடு லூசி. நான் அன்னிக்குப் பேசுனது, செஞ்சது எல்லாத்துக்கும்..."

இரண்டு மாதமாக அவள் இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். இல்லை என்று சொல்வதற்காகவே காத்திருந்தாள். சொன்னாள்.

"மன்னிக்க மாட்டேன். வூட்டுக்குப் போய் அந்தப் பாத்திய மொத்தமாத் தோண்டுங்க. ஒரு செடி இருக்கக்கூடாது. மண்ணையெல்லாம் சாக்குல கட்டுங்க. கையில உறை மாட்டிகினு செய்யுங்க."

"போட்டிக்கு இன்னும் ஒம்பது நாள்தான்..." என்று அவர் வாயெடுத்தார். மகள் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

அன்று லூசியம்மாள் செகண்ட் ஷிப்டுக்குப் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சொல்லாமல் போட்ட முதல் லீவு. தன் பக்கத்துத் தோட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பன்னீர்செல்வம் மண்வெட்டியால் முப்பத்திரண்டு செடியையும் வேரோடு பெயர்த்தார். ஜானகி சிமெண்ட் சாக்கை விரித்துப் பிடித்தாள். வியர்வை அவர் கண்ணில் இறங்கியது; துடைக்கக் கை ஒழியவில்லை. பெயர்ப் பலகைகள் ஒரு பக்கம் குவியலாகக் கிடந்தன. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்வதென்றால், வயிறு நிறைந்தது. ஓ.டி. படுத்திருந்த பலாமரத்தடியை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்குக் கிருஷ்ணப்ரியா குட்டியோடு வந்தாள். நேராக வேலியோரம்தான் வந்தாள். பட்டாணி சோர்ந்திருந்தது, முன்னங்காலில் பஞ்சு ஒட்டியிருந்தது. லூசியம்மாளைப் பார்த்ததும் வால் ஆடியது.

"உங்களாலதான் அத்தை இது உசுரோட இருக்குது. டாக்டர் அந்த டப்பாவப் பத்தியேதான் சொல்லிக்கினு இருந்தாரு." அவள் குட்டியின் காதைத் தடவிக்கொடுத்தாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, வெறுமனே நினைவு வந்துதான் கேட்டாள். "ஆமா, அது ஷெட்ல எங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஓ.டி. செத்தபோது பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்துக் கேட்கப் போவதில்லை. லூசியம்மாளுக்கு அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் குட்டி வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. காலையில் வாயில் விஷத்தை மென்றுகொண்டு ஆட்டியதும் இதே மாதிரிதான்.

"காலையில பார்த்தேன்" என்றாள். "உங்கப்பா கலக்கறதப் பார்த்தேன். டப்பாவ ஒளிச்சு வெச்சதையும் பார்த்தேன். இது வெளிய வந்து தின்னதையும் நின்னு பார்த்தேன். உனக்குச் சொல்றேன்னு சொன்னேன்ல? சொல்லல. வேணும்னேதான் சொல்லல."

பன்னீர்செல்வம் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றுவிட்டார். ஜானகியின் கையிலிருந்து சாக்கு நழுவியது.

"செடி கருகுனதும் புழுவால இல்ல. நான் உப்புத்தண்ணி ஊத்தினேன். அதனாலதான் இவரு மறுபடி மருந்து போட்டாரு." மூச்சு விட்டுக்கொண்டாள். "உங்கப்பன நான் மன்னிக்கல ப்ரியா. மன்னிக்கவும் மாட்டேன், சாவற வரைக்கும். ஆனா இந்தக் குட்டி எனக்கு என்னா பண்ணுச்சு? இதுகிட்டதான் நான் மன்னிப்பு கேக்கணும்."

வேலிக்கு மேலாகக் கையை நீட்டினாள். பட்டாணி கழுத்தை நீட்டி அவள் விரல்களை நக்கியது. ஒவ்வொரு விரலாக நக்கியது. லூசியம்மாள் அழுதாள்; ஓ.டி.யைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

கிருஷ்ணப்ரியா குட்டியைப் பின்னால் இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாது அத்தை" என்றாள். "அதனாலதான் உங்க கையை நக்குது. எனக்குத் தெரியும்."

அவள் தோண்டிப் போட்ட மண்ணைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். பின்கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.